அக்காவுக்கு ஊட்டிய கைகள்

எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாதா கோவில் தெருவில் அக்கா வீடும் என் வீடும் அடுத்தடுத்து. நான் வீட்டிலேயே தையல் தைக்கிறேன். நாலு பேர் கூடினால் எனக்குப் பேச்சு வராது. நெஞ்சு வரை வரும், அங்கேயே நின்றுவிடும். அப்படி நின்றுபோனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அக்காவுக்கு மாதவிலக்கு நின்று சில வருடங்கள் கழித்து மறுபடியும் இரத்தம் படத் தொடங்கியது. தெருப் பெண்களிடம் சொன்னாள். "சூடுடி, இளநிய வெட்டிக் குடி" என்றார்கள். குடித்தாள். அவளுக்கு வெகுகாலமாகச் சர்க்கரை. உடம்பும் கனம். மாதம் தவறாமல் சின்னமனூரில் ஒரு டாக்டரிடம் போய்வருவாள். எடை மெஷினில் ஏற்றி இறக்குவார்கள், "மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?" என்பார்கள், சீட்டைக் கொடுப்பார்கள். அந்த எடைக்கும் கர்ப்பப்பைக்கும் சம்பந்தம் உண்டு என்று ஒருவரும் சொன்னதில்லை. இரத்தம் படுகிறதா என்று கேட்டதும் இல்லை. ஆம்பிளை டாக்டரிடம் தானாகச் சொல்ல அவளுக்குக் கூச்சம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

இளநீரில் நிற்காமல் மதுரைக்குப் போனோம். கர்ப்பப்பையில் புற்றுநோய் என்றார்கள். அங்கிருந்த டாக்டரம்மாதான் முதன்முதலாக எங்களை உட்காரவைத்து விளக்கினார். "உடம்புல கூடுன கொழுப்பு சும்மா கிடக்கிறதில்லம்மா. கர்ப்பப்பையை வளரச் சொல்ற சுரப்பை அது தயாரிச்சுக்கிட்டே இருக்கும். சர்க்கரையும் கூட இருந்தா இன்னும் மோசம். எல்லாருக்கும் வராது. ஆனா வர்ற வாய்ப்பு கூடும்." அக்கா தலை குனிந்துகொண்டாள். டாக்டரம்மா அவள் கையைத் தொட்டு, "உங்களைக் குத்தம் சொல்லல. சீக்கிரம் ஆபரேஷன் பண்ணி எடுத்துட்டா நல்லாயிடும். அதுக்குள்ள சர்க்கரையைக் கட்டுக்குள்ள வச்சுட்டு வாங்க" என்றார்.

ஊர் திரும்பியதும் செய்தி பரவிவிட்டது. எங்கள் ஊரில் நோயாளியைப் பார்க்க அன்பியத்துப் பெண்கள், அதாவது ஜெபக் கூட்டத்துப் பெண்கள், சேர்ந்து வருவார்கள். செபமாலை சொல்வார்கள். முடித்ததும் ஒவ்வொருத்தியும் நோயாளியின் நெற்றியில் சிலுவை போட்டு, கொண்டுவந்ததில் ஒரு வாய் தன் கையால் ஊட்ட வேண்டும். வாங்காவிட்டால் அவள் ஜெபத்தையே தள்ளியது போல. அதனால் அக்கா யாரையும் மறுக்கவில்லை. கேக், ரஸ்க், குளுக்கோஸ் தண்ணீர், பன்னீர் திராட்சை. எல்லாரையும் நடத்திக்கொண்டு வந்தவர் எங்கள் அத்தை, அப்பாவின் தங்கை. திராட்சைத் தோட்டக்காரி. கொத்துக் கொத்தாகக் கொண்டுவந்து இறக்கினார்.

"தெம்பு வேணாமா ஆத்தா? கத்தி வைக்கப் போறாக. ரத்தம் போகும். தின்னு."

"சுகர் இருக்கு அத்தே" என்று அக்காவே சொன்னாள்.

"கேன்சரு வந்தவளுக்குச் சுகரு ஒரு நோயா? அத அப்புறம் பாத்துக்குவாக."

இந்த ஒரு பேச்சுதான் எங்களைக் கெடுத்தது. பெரிய நோய் வந்தவுடன் சின்ன நோய் ஒதுங்கி நின்று வழிவிடும் என்று எங்கள் ஊரே நம்புகிறது.

ஆபரேஷனுக்காக மதுரைக்குப் போனோம், படுக்கை கொடுத்தார்கள். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மயக்க டாக்டர் வந்து, "இவ்வளவு சர்க்கரையோட மயக்கம் கொடுக்க முடியாது. புண் ஆறாது, சீழ் வைக்கும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். தேனிக்கு வரும் பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆண்டிபட்டி தாண்டியதும் சொன்னாள்: "அது பாட்டுக்கு உள்ள வளந்துக்கிட்டு இருக்குடி. நான் வீட்டுக்குப் போறேன் பாரு."

அன்றைக்கு வந்த கோபம் இன்னும் என்னை விடவில்லை.

அடுத்த தேதி கொடுத்தார்கள். இன்சுலின் ஊசி போட நான் கற்றுக்கொண்டேன். டாக்டரம்மா சொன்னபடி முட்டை, சுண்டல், கீரை, அளவான சோறு. அத்தான் போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வந்து, "இனிப்புதான் கேன்சருக்குத் தீனியாம். பட்டினி போட்டா தானா செத்துப்போகுமாம்" என்றார். "அது சாகுறதுக்கு முன்னாடி நான் செத்துருவேன். தட்டை வையுங்க" என்றாள் அக்கா. சாயங்காலம் வாய்க்கால் வரை மெதுவாக நடந்தோம். சர்க்கரை இறங்கியது.

கிளம்புவதற்கு முந்தின நாள் அத்தை மறுபடியும் திராட்சைப் பெட்டியோடு வந்தார். பின்னால் பெண்கள். நான் வாசற்படியில் நின்றேன்.

"தள்ளு, ஏத்தா."

"செபம் சொல்லுங்க அத்தே. ஊட்ட வேணாம்."

"நம்ம தோட்டத்துப் பழம்டி. வெசமா வச்சிருக்கேன்?"

"போன தடவ இதனாலதான் திருப்பி அனுப்புனாக."

"எனக்கே பாடம் சொல்றியா? வாயே தெறக்காதவ, இன்னைக்குப் பேச்சப் பாரு!"

நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நகரவில்லை. உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது: "அத்தே, அந்தப் பெட்டிய டாக்டரம்மாவுக்குக் குடுத்துவிடுங்க. அவுகதான் ஒல்லியா இருக்காக, தெம்பு வேணும்." ஒரு பெண் சிரித்துவிட்டாள். அத்தை பெட்டியைத் தூக்கிக்கொண்டு விடுவிடுவென்று போய்விட்டார். மற்றவர்கள் வாசலிலேயே ஒரு 'அருள் நிறைந்த மரியே' செபம் சொல்லிவிட்டுக் கலைந்தார்கள்.

ஆபரேஷன் நடந்தது. வயிற்றுச் சதை அதிகம் என்பதால் தையல் ஆற நாளானது, ஆனால் சீழ் வைக்கவில்லை. நோய் கர்ப்பப்பைச் சதைக்குள் ஆழமாக இறங்கியிருந்தது. கரண்டு வைக்க வேண்டும் என்றார்கள். ரேடியேஷனை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். முதல் தேதியிலேயே எடுத்திருந்தால் இது தேவைப்பட்டிருக்குமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அப்படிச் சொல்ல முடியாதும்மா" என்றார். தேவைப்பட்டிருக்கும் என்றும் சொல்லவில்லை, தேவைப்பட்டிருக்காது என்றும் சொல்லவில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து கோவில் வாசலில் நின்றிருந்தேன். அத்தை யாரிடமோ, எனக்குக் கேட்கும்படி சொன்னார்: "வாயக் கட்டத் தெரியாம தின்னா. அதான் வந்துருச்சு."

அவளைப் பத்து வருஷமாக "மகராசி மாதிரி இருக்கா" என்று மெச்சியது யார்? கல்யாண வீட்டில் இலையில் இன்னொரு அதிரசத்தை வைத்து, வேண்டாம் என்றால் முகம் சுளித்தது யார்? நோய் வந்த பிறகும் வாயைத் திறக்கச் சொன்னது யார்? இரத்தம் பட்டபோது டாக்டரிடம் போகச் சொல்லாமல் இளநீரைக் காட்டியது யார்? இத்தனையும் செய்துவிட்டு, குற்றத்தை மட்டும் அவள் தலையில் கட்டுகிறார்கள். அவள் ஒருத்தியாகத் தின்று அந்த உடம்பை வளர்க்கவில்லை. ஊரே சேர்ந்து வளர்த்தது. சீட்டு எழுதிய டாக்டரும் அதில் உண்டு.

வாய் திறந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. வீட்டுக்கு வந்து அக்காவிடம் சொன்னபோது, "விடுடி, வயசானவுக" என்றாள். நான் விடவில்லை. இதை அன்பியக் கூட்டத்தில் வாசிக்கப் போகிறேன். பேசத்தானே வராது, எழுதியதை வாசிக்க வரும். அத்தை முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். எழுந்து போனாலும் நிறுத்த மாட்டேன். மீதியிருக்கும் பெண்களில் யாருக்காவது நின்ற இரத்தம் மறுபடி பட்டுக்கொண்டிருக்கலாம்.