புகை வந்தால் ஆள் இருக்கு

முதியோர் இல்லத்து வேலையெண்டா முதுகு நோவும் ஏச்சும் சம்பளத்தோட சேர்த்தே கிடைக்கும்; இதே வேலை உடுப்பைப் போட்ட உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அங்க ஆர் மிச்சம்?

இந்தக் கங்காரு நாட்டில, லின்ஃபீல்டில எங்கட இல்லத்தில பின்னேர ஷிப்டுக்கு நானும் லூடாவும்தான் சோடி. நான் யாழ்ப்பாணம், அவ மோல்டோவா. சோவியத் உடைஞ்சு வந்த சின்ன நாடு. ஆறாம் ரூம் மாகரட் கிழவிக்கு ரெண்டு ஊரும் ஒண்டுதான், ரெண்டையும் தெரியாது. ஒருநாள் நாங்கள் ரெண்டு பேருமாப் பிடிச்சுக் குளிக்க வார்க்கேக்க கேட்டா: "எல்லாரும் இஞ்ச வந்திட்டியள். அங்க உங்கட கிழடுகளை ஆர் கழுவுறது?"

பள்ளிக்கூடச் சண்டை

லூடாவின்ர ஊரில ருமேனியம் கதைக்கிறவை, ரஷ்யம் கதைக்கிறவை, உக்ரேன்காரர் எல்லாரும் கலந்து இருந்தவையாம். பிள்ளையளுக்கு எந்த மொழியில படிப்பிக்கிறது எண்டதில வேலியைப் பிடுங்கி அடிபட்டிருக்கினம். எனக்கு இதெல்லாம் புதுசே? கடைசியில ஆர் வெண்டது எண்டு கேட்டன். பாணுக்கு ஜாம் பூசிக்கொண்டே சொன்னா: "படிக்கப் பிள்ளையள் இல்லையெண்டு பள்ளிக்கூடத்தையே பூட்டியாச்சு. அடிபட்ட ரெண்டு பகுதியும் இப்ப இத்தாலியில ஒரே வீட்டில வாடகைக்கு இருந்து, இத்தாலிக் கிழவிமாரைக் கழுவுதுகள்."

ஹீட்டர்

லூடாவின்ர தாய் அங்க தனிய. அந்தத் தெருவில ஆள் இருந்தது ரெண்டே வீட்டில, அவவும் முன்வீட்டு வசீலும். காலமை அடுப்பு மூட்டினா புகைக்கூண்டால புகை வரும். புகை வந்தா ஆள் உயிரோட. வராட்டி மற்ற ஆள் ஓடிப்போய்ப் பாக்க வேணும். அதுதான் அவைக்குள்ள பேச்சு.

லூடா பாவம், தாய் குளிருக்குள்ள விறகு கொத்துறாவே எண்டு காசனுப்பிக் கரண்ட் ஹீட்டர் ஒண்டு வாங்கிக் குடுத்தா. அடுத்த நாள் புகையில்லை. வசீல் கோடாலியோட வந்து கதவைப் பிளந்துபோட்டார். உள்ள கிழவி ஹீட்டருக்கு முன்னால காலை நீட்டிக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறா! இதைக் கேட்டு நாங்கள் விழுந்து விழுந்து சிரிச்சம். தாய் ஹீட்டரைத் தூக்கி முற்றத்தில வச்சிட்டு மகளை ஃபோனில கிழிச்சாவாம்: "சூடு ஆருக்கு வேணும்? நான் இருக்கிறன் எண்டு ஒருத்தராவது பாக்க வேணுமடி!"

ஆறாம் ரூம் மணி

பிறகு வசீலை அவரின்ர மகள் ஜெர்மனிக்குக் கூட்டிக்கொண்டு போட்டா. தாயை இஞ்ச கூப்பிட லூடாவுக்கு விசா சரிவரேல்லை. வசீலின்ர யன்னலில சின்னக் கமரா ஒண்டு பூட்டுவிச்சு, புகைக்கூண்டை இஞ்சயிருந்து ஃபோனில பாக்கத் துவங்கினா. எங்கட பின்னேரத் தேத்தண்ணி நேரம் அங்க விடியுற நேரம். பாணும் கையுமாப் பாத்து "ம், இருக்கிறா" எண்டுபோட்டு எழும்புவா. யாழ்ப்பாணத்தில எங்கட ஒழுங்கையிலயும் இப்ப வீட்டுக்கு வீடு பூட்டு, நடுவில என்ர அப்பா தனிய.

போன தை மாசம், இஞ்ச கொளுத்திற வெயில், அங்க பனி. புகையில்லை. ஃபோன் அடிச்சா எடுக்கேல்லை. வேற ஆருக்கு அடிக்கிறது? தெருவில ஒரு சனமில்லை. தாய்க்கிழவி படுக்கையிலயே செத்துப்போட்டா எண்டது, பக்கத்து ஊரிலயிருந்து பாண் விக்க வந்த வான்காரன் பாத்து ஃபோனில சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரியும். அந்த நேரம் பாத்து ஆறாம் ரூம் மணி அடிச்சது. லூடா ஃபோனைப் பொத்திப் பிடிச்சுக்கொண்டு ஓடினா, நான் பின்னால. மாகரட்டின்ர தலையணி சரிஞ்சு போச்சு, அவ்வளவுதான். லூடா கண்ணைத் துடைச்சுக்கொண்டு அதை நிமித்தி வச்சா. மாகரட் கிழவி முகத்தைத் தூக்கி வச்சுக்கொண்டு சொன்னா: "வர இவ்வளவு நேரமோ? நான் செத்துக் கிடந்தாலும் ஒருத்தருக்கும் தெரியாது!"

ஊர் உலகத்துக் கிழடுகளையெல்லாம் நாங்கள் வடிவாத்தான் பாக்கிறம். எங்கட கிழடுகளைப் பாக்க ஒரு கமரா பூட்டிவிட்டிருக்கிறம்.