அப்பா கொண்டுபோன அம்மாவின் வருத்தம்

என் பிழைப்பை விளக்கி முடிப்பதற்குள் கேட்பவரின் தேநீர் ஆறிவிடும். அமெரிக்காவில் ஒருவர் டொக்டரைப் பார்த்துவிட்டு வருவார். டொக்டர் எழுதிய குறிப்பை, கடலுக்கு இப்பால் டூட்டிங் என்ற ஊரில் ஒரு மளிகைக் கடைக்கு மேலிருந்த அறையில் நான் படித்து, அந்தச் சந்திப்பு எவ்வளவு சிக்கலானது என்று தீர்மானித்து, அதற்குரிய பில் இலக்கத்தைப் போடுவேன். சின்னத் தடிமன், சளி என்றால் கீழ்நிலை. காரணம் பிடிபடாத புதுக் கோளாறு என்றால் மேல்நிலை. இலக்கியம் படித்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனை இல்லை.

இந்தத் தொழில் புத்தியோடுதான் அன்று அப்பாவை எங்கள் வட்டார டொக்டரிடம் கூட்டிப்போனேன். அப்பாவுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். உடம்பைப் பற்றி மட்டும் அந்த மொழியில் பேச மாட்டார். ஆகவே நான் மொழிபெயர்ப்பாளன்.

காலையில் எழும்பும்போதே களைப்பாம். போர்வைக்குள்ளும் உடம்பெல்லாம் குளிராம். மனதுக்குள் மூன்றாம் நிலை போட்டேன். குரல் கரகரக்கிறதாம், உடம்பு ஊதுகிறதாம். அப்பாவின் குரல் கணீரென்று வரவேற்பறைவரை கேட்டது. ஒட்டிய வயிற்றில் இடுப்புப் பட்டி கடைசித் துளைவரை இறுகி நின்றது. ஆனால் என் தொழிலில் குறிப்பைத்தான் பார்ப்போம், ஆளைப் பார்க்கிற வழக்கமில்லை. நான்காம் நிலைக்கு ஏற்றினேன்.

“சீப்பு வைச்சால் தலைமயிர் கொத்துக்கொத்தா வருது” என்றார் அப்பா.

அதையும் ஒரு சொல் தவறாமல் மொழிபெயர்த்தேன். டொக்டர் கணினியிலிருந்து கண்ணை எடுத்து அப்பாவின் தலையைப் பார்த்தார். பிறகு நானும் பார்த்தேன். நான் பிறப்பதற்கு முன்பே வழுக்கையாகிவிட்ட தலை அது.

யாருடைய முடி என்று டொக்டர் மெதுவாகக் கேட்டார்.

“வீட்டில, அவவின்ர” என்றார் அப்பா. “அவ வரமாட்டா. குளிசையைத் தாங்கோ, நான் கொண்டுபோய்க் குடுக்கிறன்.”

பெரியம்மாவுக்கும் இப்படிக் களைப்பில்தான் தொடங்கியது. புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. அதன்பிறகு அம்மா டொக்டர் வாசலை மிதிக்கவில்லை. அந்தப் பயத்தைத்தான் அப்பா தன் பெயரில் பதிந்து கொண்டுவந்திருந்தார். வராதவருக்கு மருந்து தர முடியாது, கூட்டி வாருங்கள் என்றார் டொக்டர்.

வீட்டில் அப்பா நடந்ததைச் சொன்னதும் அம்மாவுக்குக் கோபம் வந்தது. சொன்னதற்காக அல்ல, பிழையாகச் சொன்னதற்காக.

“உடம்பெல்லாம் குளிரெண்டோ சொன்னனீங்கள்? எனக்குக் கையும் காலும்தான் குளிருது. ஒரு விசயத்தை ஒழுங்காச் சொல்லத் தெரியாது உங்களுக்கு.”

அதைத் திருத்துவதற்காகவே அடுத்த கிழமை அம்மா தானாகப் போனார். இரத்தம் எடுத்தார்கள். பயந்த வியாதி இல்லை. தைரொயிட் சோம்பிக் கிடந்தது. காலையில் ஒரு சின்னக் குளிசை, அவ்வளவுதான்.

கடைக்கு மேலிருந்த அறை இப்போது இல்லை. வீட்டிலிருந்தே இலக்கம் போடுகிறேன். நோயாளியால் சொல்ல முடியாமல், கூட வந்தவர் விவரம் சொன்னால், எங்கள் விதிகளில் அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. குறிப்பில் ‘சொன்னவர்: கணவர்’ என்று வரும்போதெல்லாம் கொஞ்ச நேரம் விசைப்பலகையைத் தொடாமல் இருப்பேன்.

அப்பா காலமானபிறகு அம்மாவை நான்தான் கூட்டிப்போகிறேன். போன மாதம், என்ன செய்கிறது என்று டொக்டர் கேட்டார். முந்தின இரவு வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு முனகியவர், “ஒண்டுமில்லை” என்றார்.

“அம்மாவுக்கு இடது முழங்கால் நோகுது” என்று டொக்டருக்கு ஆங்கிலத்திலும், அம்மாவின் காதில் விழும்படி தமிழிலும் சொன்னேன்.

“வலது” என்றார் அம்மா. “அதுவும் படி இறங்கேக்கைதான். அப்பா மாதிரியே நீயும்.”

பிறகு கதிரையை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, தொடக்கத்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.