தொலைத்ததற்குச் சான்று

நோர்வேயில் ஒருவர் உங்கள்மீது கோபப்பட்டால், கடிதத்தின் அடியில் ‘வென்லி ஹில்சன்’ என்று எழுதுவார். அன்பான வணக்கம் என்று பொருள். எங்கள் குடியிருப்பின் பொதுச் சலவை இயந்திரத்தில் மூன்றாவது தடவையும் ஈரத்துணிகளை மறந்துவிட்டு நான் வேலைக்குப் போனபோது, மேல்வீட்டுப் பெண் அப்படியொரு வணக்கத்தை என் கதவில் ஒட்டியிருந்தார். அதே வாரம், நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில், ஒருவருக்கு மருந்து கொடுக்க மறந்ததற்காக எழுத்தில் எச்சரிக்கை தந்தார்கள். அதன் அடியிலும் அதே வணக்கம். நாற்பது வயதில் இரண்டு கடிதங்களையும் எடுத்துக்கொண்டு குடும்ப வைத்தியரிடம் போனேன். அவர் உளவியலாளரிடம் அனுப்பினார்.

உளவியலாளர் என்னைவிட இளைய பெண். “சிறுவயதில் பொருட்களைத் தொலைப்பீர்களா?” என்று கேட்டார். “எங்கள் ஊரில் எல்லோரும் எல்லாவற்றையும் தொலைத்தோம்” என்றேன், பகிடியாக. அவர் சிரிக்கவில்லை; பேனையைக் கீழே வைத்தார். அதன்பிறகு ஷெல்லடியைப் பற்றியும் பதுங்குகுழியைப் பற்றியுமே கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல் வந்தது. இடம்பெயர்வதற்கு முன்பே, கனகராயன்குளத்துப் பள்ளிக்கூடத்தில் கொப்பியையும் செருப்பையும் எங்கோ விட்டுவிட்டு வந்து அடி வாங்கியவள் நான். என்னிடம் உள்ள எல்லாவற்றையும் யுத்தத்தின் தலையில்தான் போட வேண்டுமா என்று கேட்டுவிட்டேன்.

“அப்படியானால் அதற்குச் சான்றாகப் பள்ளிக்கூட அறிக்கைகளைக் கொண்டுவாருங்கள்” என்றார்.

அவை ஒரு பையில் இருந்தன. இடம்பெயர்ந்த அன்று, “இதை மட்டும் விட்டிடாதை” என்று அம்மா அதை என்னிடம் தந்தார். எனக்குப் பதினொரு வயது. வழியில் ஒரு மரத்தடியில் இளைப்பாறியபோது, குளத்தில் இறங்கிய கொக்குகளைப் பார்த்தபடியே பையை மறந்து நடந்துவிட்டேன். அப்பா திரும்பிப் போய்த் தேடியும் கிடைக்கவில்லை. அக்காவின் பரீட்சைச் சான்றிதழ்களும் அதற்குள்தான் இருந்தன. பிரதிகள் வந்துசேர்வதற்குள் ஆசிரியர் நேர்முகத் தேர்வு முடிந்துவிட்டது. அக்கா பிறகு ஆசிரியை ஆகவேயில்லை. பை தொலைந்த அன்று அம்மா என்னை அடித்த அடியில் கம்பு முறிந்தது.

அறிக்கை இல்லாவிட்டால் தாய் சொன்னாலும் போதும் என்றார்கள். முள்ளியவளையிலிருக்கும் அம்மாவிடம் மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் கேட்டார். “அவள் கெட்டிக்காரி. ஒரு நாளும் ஒண்டையும் துலைச்சதில்லை” என்றார் அம்மா.

வெளியே வந்து அம்மாவை அழைத்துக் கத்தினேன். “ஏனம்மா பொய் சொன்னனீங்கள்?”

“என்ர பிள்ளையை விசரி எண்டு நானே சொல்லுறதோ? உன்ர வேலை போனா?”

“சொல்லாட்டித்தான் அம்மா போகும்!”

அடுத்த கிழமை அவர்கள் மறுபடி கேட்டபோது, அம்மா பையின் கதையைச் சொன்னார். அக்காவின் சான்றிதழ்களைப் பற்றிச் சொல்லும்போது அழுதார். சில மாதங்களில் முடிவு வந்தது: கவனக்குறைபாடு, சிறுவயதிலிருந்தே. மாத்திரையும் தந்தார்கள். இத்தனை வருடமாகப் பொறுப்பில்லாதவள், சோம்பேறி என்றவர்களில் யாருக்கு நான் இந்த முடிவை அனுப்புவது?

வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபடி தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னேன்.

“அப்ப, நான் உனக்கு அடிச்சதெல்லாம்?”

நான் வாய் திறப்பதற்குள் அம்மாவே கதையை மாற்றினார். வயலில் வெள்ளம் நிற்கிறதாம்; வரம்பு உடைந்துவிட்டதாம்; அக்கா மண்வெட்டியோடு போயிருக்கிறாளாம். வழமையாக அம்மாவின் கதையில் பாதி என் காதில் விழாது. அன்று ஒரு சொல்லும் தவறாமல், “ஓம் அம்மா, சொல்லுங்கோ” என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது, நான் இறங்க வேண்டிய தரிப்பிடம் பனிக்குள் பின்னால் போய்விட்டிருந்தது.