கோபுரத்தைத் தாண்டிப் போன சைக்கிள்

செவ்வாய்க்கிழமை காலை, வேங்கிக்காலில் கீரைக்காரம்மாவிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. விமலாவின் மகள். "பெரியம்மா, அம்மா போயிட்டாங்க. காபி கேட்டாங்க, போட்டுக் கொண்டாந்து பாத்தா மூச்சு இல்ல" என்றாள். கீரைக்காரம்மா, "இன்னாம்மா, எடுத்துக்கிறியா இல்லியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாலு கட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டில் நான் ஒருத்திதான். எதற்கு நாலு கட்டு வாங்கினேன் என்று இன்னும் தெரியவில்லை.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு விமலா தாசில்தார் அம்மா. ஜீப் நிற்பதற்குள் அவள் அதட்டல் அலுவலகத்துக்குள் வந்துவிடும் என்று பேசிக்கொள்வீர்கள். அது அவளுக்கும் தெரியும். "நல்லதுதான், கோப்பு சீக்கிரம் நகரும்" என்பாள். எனக்கோ அவள் பி.ஏ. வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரி. நீங்கள் பார்த்திராத விமலா ஒருத்தி, ஒரு சினிமாவில் அரை நிமிடம் இருக்கிறாள். அவளைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். ஒப்பாரி வைத்தால் அவளே எழுந்து வந்து திட்டுவாள்.

எண்பதுகளின் தொடக்கம். சின்ன ஊரில் வளர்கிற நான்கு பிள்ளைகளைப் பற்றிய படம் ஒன்றை எடுக்க நம் ஊருக்கு ஒரு குழு வந்திருந்தது. கதாநாயகி பம்பாய்ப் பெண். சைக்கிளில் உட்காரவைத்தாலே ஒரு பக்கம் சாய்ந்தாள். முதுகுப் பக்கமிருந்து படம் பிடிக்க அவள் உயரத்தில் ஒரு பெண் வேண்டும் என்று, கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் இருவரையும் தேரடி வீதியில் நிறுத்தினார்கள். முதலில் கேட்டது என்னைத்தான். மிதித்து வந்த சைக்கிளைக் கையில் பிடித்துக்கொண்டே, "எனக்கு ஓட்டத் தெரியாது சார்" என்றேன். பயம்! விமலா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு, "நான் ஓட்டறேன் சார்" என்றாள்.

வீட்டில் சண்டை போட்டுவிட்டு, கதாநாயகி கோபத்தோடு ராஜகோபுரத்தைத் தாண்டிப் போக வேண்டும். அவ்வளவுதான் காட்சி. கதாநாயகியின் தாவணியைக் கட்டிக்கொண்டு விமலா ஜோராக மிதித்தாள். கோபுரத்துக்கு நேரே வந்ததும் வலது கையை எடுத்து, ரெண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். நம் ஊர்க்காரர்கள் யாருக்குமே அந்த இடத்தில் கை சும்மா இருக்காது, லாரி ஓட்டினாலும் சரி, பால் கேன் கட்டிக்கொண்டு போனாலும் சரி. இயக்குநர் "கட்!" என்று கத்தினார். இரண்டாம் முறையும் அதே. மூன்றாம் முறையும் அதே.

"ஏம்மா, நீ பயங்கரக் கோபத்துல போற. கோபத்துல இருக்கறவ கும்பிடுவாளா?" என்றார் அவர்.

"கோபம் வீட்டு மேலதானே சார்? சாமி இன்னா பண்ணுச்சு?"

மனிதர் சிரித்துவிட்டு, "இதுவே இருக்கட்டும்" என்று கேமராவை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறு வருஷம் படம் ஊருக்கு வந்தபோது எங்களுக்குக் கடைசிப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தது. விமலாவின் அப்பா வேலாயுதம் மல்லாட்டை மண்டி வைத்து நிலக்கடலை வியாபாரம் பார்த்துவந்தார். கல்லூரி விட்டால் வீடு, வீடு விட்டால் கல்லூரி என்று மகளை வைத்திருந்த மனிதர். கீழ்பென்னாத்தூரில் ஒரு வரன் வேறு பேசிக்கொண்டிருந்தார். படம் வந்த அன்றே இந்தப் பைத்தியக்காரி நேரே அவரிடம் போய், "அப்பா, அதுல சைக்கிள் ஓட்டறது நான்தாம்பா" என்று சொல்லிவிட்டாள். அவர் சைக்கிளைச் சங்கிலி போட்டுப் பூட்டினார். "காலேஜும் வேணாம், பரீட்சையும் வேணாம். பங்குனி பொறந்தா கல்யாணம்" என்றார். நான் பார்க்கப் போனபோது வாசலிலேயே, "ஊட்டுக்குப் போம்மா" என்று திருப்பி அனுப்பினார். வழியெல்லாம் அழுதுகொண்டு வந்தேன். மூன்று வருஷப் படிப்பு, அப்படியே போச்சு!

ஞாயிறு மேட்னிக்கு அம்மாவோடு போயிருந்தேன். ஆண்கள் பக்கம் வேலாயுதம் தனியாக உட்கார்ந்திருந்தார். மகள் எந்த லட்சணத்தில் இருக்கிறாள் என்று பார்க்க வந்தாராம். கையிலிருந்த முறுக்கை அம்மாவிடமே கொடுத்துவிட்டேன். காட்சி வந்தது. திரையில் கோபுரம் தெரிந்ததும் கொட்டகையில் பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அடுத்த நொடி, திரையில் போன பெண்ணும் போட்டுக்கொண்டாள்!

கொட்டகையே ஆர்ப்பரித்தது. "டேய், பம்பாய்க்காரிக்கு இதெல்லாம் இன்னா தெரியும்? இது நம்மூரு பொண்ணுடா!" என்று ஒருவர் கத்தினார். ஒரே விசில், கைத்தட்டல். "யாரு வூட்டுப் பொண்ணுய்யா?" என்று இன்னொரு குரல்.

வேலாயுதம் எழுந்து நின்றார்.

"எம் பொண்ணுதான்யா. விமலா. பி.ஏ. படிக்குது. ரெண்டு மாசத்துல பரீட்சை எழுதப் போவுது."

சொல்லிவிட்டு உட்கார்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அத்தனை பேர் முன்னால் சொன்னதை மண்டி வைத்திருக்கிற மனிதர் எப்படித் திரும்ப வாங்குவார்? திங்கட்கிழமை காலை சங்கிலியை அவரே கழற்றினார், டயருக்குக் காற்றும் அடித்துவைத்தார். கீழ்பென்னாத்தூர்க்காரர்கள் வேறு பெண் பார்த்துக்கொண்டார்கள். விமலா பரீட்சை எழுதினாள், முதல் வகுப்பில் தேறினாள், குமாஸ்தாவாகச் சேர்ந்து தாசில்தாராகத்தான் ஓய்வு பெற்றாள். அந்தப் படத்தின் எழுத்துகளில் அவள் பெயர் எங்கேயும் இல்லை. அதைப் பற்றி அவள் ஒரு நாளும் குறைப்பட்டதில்லை.

எனக்குத்தான் ஒன்று மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. சென்ற கார்த்திகைக்கு அவள் வீட்டுக்குப் போனபோது கேட்டேவிட்டேன்: "முதுகுதானேடி தெரிஞ்சுது? வாய மூடிக்கினு இருந்திருந்தா உங்கப்பாவுக்குத் தெரிஞ்சே இருக்காது. படிப்பையே பணயம் வெச்சுட்டியேடி."

அவள் கோபமாகவே என்னைப் பார்த்தாள். தாசில்தார் பார்வை. அன்று சொன்னதைத்தான் அவளிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறேன். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

"முதுகா இருந்தா இன்னாடி பத்மா? அது என் முதுகு இல்லியா?"