கேட்டுக்கு வேண்டிய ஆள்

ரயில்வே கேட்டு வேலைக்கு ஆளெடுக்கும் துரை என்ன கேட்பார் என்பதற்கு எங்கள் லயத்தில் ஆளுக்கொரு ஜோசியம் இருந்தது. கொடியின் நிறத்தை இங்கிலீஷில் கேட்பார் என்றார் ஒருவர். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு தூரத்து மரத்தை எண்ணச் சொல்வார் என்றார் இன்னொருவர். என் வீட்டுக்காரர் எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு வந்து, என்னை எதிரே உட்கார வைத்து ஒப்பிப்பார். "ரெட்டுன்னா ஸ்டாப்பு, கிரீனுன்னா கோ." என்னால் எங்கே உட்கார முடிகிறது? அவர் ஒப்பிக்கும்போதே நான் எழுந்து அடுப்பைப் பார்ப்பேன், வாசலைப் பார்ப்பேன், துவைத்த துணியை மறுபடி உதறுவேன்.

ரப்பர் விலை அடிமாட்டு விலைக்குப் போன காலம் அது. வரிசை வீடுகளான பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்தில், தண்டவாளத்தில் வேலை செய்த கூலியாட்களில் பாதிப் பேரை நிறுத்திவிட்டார்கள். என் வீட்டுக்காரரும் அதில் ஒருவர். வேலை போனால் அறையும் போகும். பதிலுக்கு ஒன்று கொடுத்தார்கள்: கடல் தாண்டிச் சொந்த ஊருக்கு இலவசக் கப்பல். அவருக்காவது ஊர் என்று ஒன்று இருந்தது. நான் பிறந்ததே அந்த லயத்தில். நாலு எழுத்து படித்ததும் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில்தான். கப்பலில் கொண்டுபோய் இறக்கிவிட்டால் எந்தப் பக்கம் நடப்பது என்றுகூட எனக்குத் தெரியாது.

அப்போதுதான் கிள்ளான் பாதையில் ஒரு கேட்டு வேலை காலியாயிற்று. தோட்டத்து ரோடு தண்டவாளத்தைக் கடக்கிற இடம். பழைய கேட்டுக்காரர் தூங்கிவிட்டார். ரயில் வந்து ஒரு மாட்டுவண்டியை அடித்துப் போட்டது. மாடு செத்தது, வண்டிக்காரர் பிழைத்துக்கொண்டார், கேட்டுக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கேட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு பலகை வீடு உண்டு. வேலை கிடைத்தால் வீடும் நமக்கு. எனக்கு அந்த வீடுதான் வேண்டும்.

கூலியாட்களுக்கு மேலாக இருந்த மண்டோர் எங்கள் மேல் பிரியமுள்ளவர். அவர் ஒரு யோசனை சொன்னார். "கல்யாணம் ஆகலைன்னு சொல்லிடு. தனி ஆளுன்னா ரயில்வேக்குச் செலவு கம்மி லா. பொண்டாட்டி இருக்குன்னா நாளைக்குப் பிள்ளை, காய்ச்சல், லீவுன்னு வந்து நிப்பேன்னு துரை நெனைப்பாரு." இதையே வேலைக்கு நின்ற எல்லோருக்கும் யாரோ ஒருவர் சொல்லியிருந்தார். லயத்தில் ஒரே நாளில் அத்தனை ஆண்களும் பிரம்மச்சாரிகளாகிவிட்டார்கள்.

கிள்ளான் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்தான் துரையின் ஆபீஸ். நான் வரக்கூடாது என்பதுதான் பேச்சு. வீட்டில் இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நானும் கிளம்பிவிட்டேன். என்னைப் போலவே வந்திருந்த மற்றப் பெண்கள் சமர்த்தாக ஒரு காப்பிக் கடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. ஆபீஸ் வாசலில் இருந்த மரத்தடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். ரயில் வந்தால் நின்று பார்த்தேன், போனதும் மறுபடி நடந்தேன். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று என்னைப் பெற்றவளே திட்டுவாள்.

உள்ளே நடந்ததை என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். துரை கொடியையும் கேட்கவில்லை, கண்ணையும் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

"அந்தப் பொம்பளை யாரு? காலையில இருந்து நடக்குது."

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்ல வராது. "எம் பொஞ்சாதிதான் துரை" என்று சொல்லிவிட்டு, வேலை போயிற்று என்று கைகட்டி நின்றாராம்.

என்னைக் கூப்பிட்டார்கள். துரை தோட்டத்துத் தமிழ் பேசுவார், எல்லோரையும் 'நீ' என்றுதான் சொல்வார். "நீ ராத்திரி நல்லாத் தூங்குவியா?" என்றார். என்ன கேள்வி இது? எரிச்சலில் வாய் முந்திக்கொண்டது.

"எங்க தொரை தூங்கறது? இவுரு குறட்டை விட்டா லயமே தூங்கறதில்ல. எனக்கு எப்பவும் கோழித் தூக்கம்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இடி விழுந்தாலும் எழாத மனிதர் என்று, தூங்கக்கூடாத வேலைக்கு நிற்கும் புருஷனைப் பற்றி நானே சாட்சி சொல்லிவிட்டேன். அவர் முகம் செத்துப்போயிற்று. துரைக்கு மட்டும் முகம் மலர்ந்தது.

"புள்ளைங்க?"

"இல்ல தொரை."

"நல்லது. லைன்ல ஓடாது" என்று தண்டவாளத்தைக் காட்டினார். நாளைக்கே கேட்டுக்குப் போகச் சொன்னார்.

ஊர் என்னிடம் கண்ட குறை இரண்டு. தூங்காத கண் ஒன்று, நிறையாத மடி இன்னொன்று. துரைக்கு இரண்டும் பிடித்துப்போயின. வேலை கிடைத்த சந்தோஷத்திலும் 'நல்லது' என்ற அந்தச் சொல் முள்ளாகக் குத்தியது.

காப்பிக் கடைக்குப் பின்னால் ஒளிந்தவர்கள் அன்று சாயந்தரம் மண்டோரைச் சூழ்ந்துகொண்டு சண்டை போட்டார்கள். அவர் தலையைச் சொறிந்தார். "எனக்கென்னப்பா தெரியும்? தொரைக்கு வேண்டியது ரெண்டு ஆளு, சம்பளம் ஒண்ணு. ஒருத்தன் கண்ணசந்தா இன்னொண்ணு முழிச்சிருக்கணும். அதைச் சொல்லிட்டா ரெண்டு சம்பளம் கேப்போம்ல?" என்றார். முதலாளிகள் என்ன தேடுகிறார்கள் என்பதை அவர்கள் வாயால் ஒருநாளும் சொல்லமாட்டார்கள் என்பது அன்றைக்கு எனக்குப் புரிந்தது.

கேட்டுக்குப் போனோம். காக்கிக் கோட்டும் பேரும் சம்பளமும் அவருக்கு. மணி எனக்கு. ஸ்டேஷனிலிருந்து ரயில் புறப்பட்டால் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு மணி அடிக்கும். அடித்ததும் ஓடிப்போய் இரண்டு பக்கக் கேட்டையும் சாத்தி, கொடியோ விளக்கோ காட்ட வேண்டும். முதல் வாரம் அவர் பார்த்தார். பிறகு இருட்டிய பின் வரும் ரயில்களை நான் பார்த்தேன். கொஞ்ச நாளில் மத்தியான ரயில்களும் என்னிடம் வந்து சேர்ந்தன. யாரும் எனக்கு உத்தரவு போடவில்லை. மணி அடிப்பதற்கு முன்பே என் கால் தரையில் இருக்கும், அவ்வளவுதான். மழைநாளில் அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு நிற்பேன். எஞ்சின் டிரைவர்கள் கேட்டுக்காரர் என்று நினைத்துக் கையை உயர்த்திவிட்டுப் போவார்கள்.

அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. தங்கமான மனிதர். வீட்டைச் சுற்றிப் பயற்றங்காயும் கீரையும் போட்டார், கோழி வளர்த்தார். என் கால் வலித்தால் எண்ணெய் தேய்த்துவிடுவார். தேய்த்துக்கொண்டே தூங்கியும் போவார். நான் சிரித்துக்கொள்வேன். அப்படியே வருஷங்கள் ஓடின. ஒரு மாட்டுவண்டிக்கும் ஒரு லோரிக்கும் எங்கள் கேட்டில் ஒரு கீறல் விழவில்லை. சுற்றுவட்டாரத்திலேயே நல்ல கேட்டுக்காரர் என்று அவருக்குப் பேர்.

பிறகு காய்ச்சல் வந்தது. கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், திரும்பி வரவில்லை. அழுதுகொண்டே இருந்தேன், மணி அடித்தால் எழுந்து ஓடினேன், சாத்தினேன், வந்து உட்கார்ந்து மறுபடி அழுதேன். கருமாதி முடிவதற்குள் துரை வந்துவிட்டார். மண்டோரும் கூட வந்தார். கேட்டுக்குப் புது ஆள் எடுக்க வேண்டும், வீட்டைக் காலி செய் என்றார் துரை.

"எதுக்குப் புது ஆளு? என்னையே போடுங்க."

"பொம்பளைக்கு இந்த வேலை இல்ல."

"இத்தனை வருஷமா இந்தக் கேட்டை யாரு சாத்துனா தொரை?"

"தெரியும்" என்றார். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. "ஆனா, பேரு ஒரு ஆம்பளை பேரா இருக்கணும்."

தெரியாது என்று சொல்லியிருந்தால்கூட அவ்வளவு கோபம் வந்திருக்காது. நான் பேச வாயெடுப்பதற்குள் அவரே ஒரு வழி சொன்னார். "நல்ல ஆளாப் பாத்துக் கட்டிக்கோ. மாசக் கடைசி வரைக்கும் பொறுத்துக்கறேன்." கேட்டுக்குப் புருஷனும் மனைவியும் வேண்டும். மனைவி ஏற்கெனவே இருக்கிறாள், தூக்கமில்லாதவள், பழகியவள். புருஷன்தான் குறைகிறான். கணக்குச் சரிதான்.

அன்றைக்கு ஏனங்களை நான் கழுவிய சத்தம் தோட்டத்து லயம் வரைக்கும் கேட்டிருக்கும். ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு எங்கே போவது? மறுபடியும் அதே கப்பல், இந்தத் தடவை தனியாக. எங்கள் பக்கம் அறுத்துக்கட்டுவது வழக்கந்தான். யாரும் மூக்கில் விரலை வைக்கப் போவதில்லை. மண்டோரிடம் சரி என்றேன்.

வந்தார்கள். என்னைப் பார்க்க வந்தார்களா, வீட்டைப் பார்க்க வந்தார்களா என்று சொல்ல முடியாது. ஒருவர் கோழிகளை எண்ணினார். ஒருவர் கூரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ராத்திரி வண்டியெல்லாம் நீதானே பாப்ப?" என்று உறுதிப்படுத்திக்கொண்டார். இன்னொருவர் நான் தண்ணீர் கொண்டுவருவதற்குள் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். எழுப்பி அனுப்பிவைத்தேன். துரை செய்ததைத்தான் நானும் செய்கிறேன் என்று தெரிந்தது. ஆள் வாசலுக்கு வருவதற்குள் எடைபோட்டுவிடுவேன். ஆனால் எதற்கு எடைபோடுகிறேன் என்று எனக்கே விளங்கவில்லை. மாசம் தேய்ந்துகொண்டிருந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

கடைசியாக வந்தவர் துறைமுகத்தில் சரக்குக் கிடங்குக்கு ஜாகாவாக இருந்தவர். இராக்காவல் வேலை. கிடங்கை மூடிவிட்டார்கள். மனைவியை இழந்தவர், என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கேட்டின் கீலைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்கு வீடும் வேலையும் வேணும்மா. அதை மறைக்கல. ஒங்களுக்கு என்ன வேணும்?"

இந்தக் கேள்வியை அதுவரை ஒருத்தரும் என்னிடம் கேட்டதில்லை. வீடு வேண்டும் என்று சொல்லத்தான் நினைத்தேன். வந்தது வேறு.

"எனக்குத் தூங்கணும்" என்றேன். சொன்னதும் கண்ணீர் வந்துவிட்டது. வெட்கமாக இருந்தது.

"அவ்வளவுதானே? தூங்குங்க" என்றார்.

கிள்ளான் கோயிலில் மண்டோர் முன்னிலையில் தாலி கட்டினார். மறுநாள் துரை வந்தார். புது ஆளை ஏற இறங்கக்கூடப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, "சரி, பழைய ஆளுதான் இருக்கு" என்று சொல்லிப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் புது வீட்டுக்காரர், "போய்ப் படுங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். படுத்தேன். எப்படியும் மணிக்கு முன்னால் எழுந்துவிடுவேன் என்று தெரியும். இது என்ன சோதனை என்று மனசுக்குள் முணுமுணுத்துக்கொண்டேன்.

விழித்தபோது வெயில் சுவரைவிட்டு இறங்கியிருந்தது. அலறியடித்து எழுந்து, அவிழ்ந்த தலையோடு கேட்டுக்கு ஓடினேன். கேட்டு திறந்திருந்தது. ஒரு மாட்டுவண்டி நிதானமாகத் தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருந்தது. அவர் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்.

"சரக்கு வண்டி?"

"அது போயி எம்புட்டு நேரமாச்சு. அடுத்ததும் போயிருச்சு. நீங்க அசையல."

என்னால் நம்ப முடியவில்லை. அந்த மணி என் தலைக்குமேல் இரண்டு தடவை அடித்திருக்கிறது. காலில் சக்கரம், கோழித் தூக்கம் என்று பிறவிக் குணமாக நானே நம்பிக்கொண்டிருந்தது அவ்வளவுதானா? யாராவது ஒருவர் விழித்திருந்தால் நானும் தூங்குகிறவள்தானா?

கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். செத்துப்போன என் தங்கமான மனிதர் மேல் எனக்குக் கோபம் வந்தது. அவர் உயிரோடு இருந்த காலத்தில் ஒரு நாளும் வராத கோபம். என் காலுக்கு எண்ணெய் தேய்த்த அத்தனை நாளில் ஒரே ஒரு நாள், "நீ படு, நான் பாத்துக்கறேன்" என்று அவர் சொல்லியிருக்கலாம்.