பின்கதவுக்கு ஒரு மன்றாட்டு

எலிசபெத் அக்காவுக்குத் தலை எண்ணும் பழக்கம் உண்டு. எங்கள் தேவாலயப் பங்கிலிருந்து திருயாத்திரைக்குப் பேருந்து கிளம்பினால் எண்ணுவார். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு விட்டால் எண்ணுவார். மல்லாபூரில் அவர் மேற்பார்வை பார்த்த தெர்மாகோல் கம்பெனிக்குள் காலையில் முப்பத்திரண்டு பெண்கள் வந்திருந்தால், மாலையில் முப்பத்திரண்டு பேரும் வெளியே போன பிறகுதான் தன் செருப்பை மாட்டுவார்.

மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். அப்பா விழுப்புரத்திலிருந்து மாற்றலாகி வந்த ஃபிட்டர். அக்காவின் தமிழில் 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ'வும் 'எதுக்கு' என்பதற்குக் 'கைக்கு'வுமாக இந்த ஊர் உருது உப்பும் புளியும் போலக் கலந்திருக்கும். 2003-ல் திண்டுக்கல்லிலிருந்து மென்பொருள் வேலைக்கு வந்து இறங்கிய நான் அந்தப் பேச்சைக் கேட்டுச் சிரித்துவிட்டேன்.

"சிரிப்பு நக்கோ தம்பி. ஒங்க ஊர்த் தமிழ் மட்டும் என்ன கான்வென்ட்ல படிச்சதா?" என்றார். அதோடு என் சிரிப்பு நின்றது.

மறு வருடம் தவக்காலத்தில் எங்கள் பங்கில் 'சமூக அக்கறைக் குழு' தொடங்கினோம். பேனர் அடித்தோம், போர்வை கொடுத்தோம், போட்டோ எடுத்துக்கொண்டோம். தலைவர் சவரிநாதன் சார். அக்கா வேலை பார்த்த அதே கம்பெனியின் மேனேஜர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். எனக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுத்தவரே அவர்தான். கோயிலில் முதல் பெஞ்சு அவருடையது. பூசையில் ஒவ்வொரு மன்றாட்டு முடிந்ததும், 'ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்' என்று அவர் குரல்தான் முதலில் எழும். நாங்கள் எல்லோரும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போவோம்.

அந்தக் கம்பெனியில் கம்ப்யூட்டர் பெட்டிகளுக்குள் வைக்கிற தெர்மாகோலை வெட்டி அடுக்குவார்கள். வெட்டுவது சூடான கம்பியால். கம்பி இருக்கும் இயந்திரம் முன்வாசலை ஒட்டி நின்றது. பின்பக்கம் ஒரு கதவு உண்டு. சரக்கு களவு போகிறதென்று இரண்டு வருடமாக அதற்குப் பூட்டு. பங்குனி வெயிலில் ஒருநாள் கம்பியில் பொறி தெறித்து ஒரு தெர்மாகோல் பலகை பற்றிக்கொண்டது. ஈரச் சாக்கைப் போட்டு அக்காதான் அணைத்தார். அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது, முப்பத்திரண்டு பேரும் பூட்டிய கதவில் ஒட்டிக்கொண்டு நின்றார்களாம். அந்த நிமிடத்திலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்று முறை மேனேஜரிடம் கேட்டார். மூன்று முறையும் ஒரே பதில். "சாவி என் டிராயர்லதான் இருக்கும்மா. ஆபத்துன்னா ரெண்டு நிமிஷத்துல திறந்துடலாம்." குழுக் கூட்டத்தில் கேட்டபோது, "கம்பெனி விஷயத்தைக் கோயில்ல பேசக்கூடாது" என்றார். ஊருக்குத்தான் உபதேசம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் வாயைத் திறக்கவில்லை.

ஞாயிறு மன்றாட்டுகளைக் குழுவில் ஆளுக்கொரு வாரம் எழுதுவோம். திருத்துவது என் பொறுப்பு. அக்காவின் முறை வந்தது. சனிக்கிழமை தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். நாலாவது மன்றாட்டை இரண்டு முறை படித்தேன். பென்சிலால் அதை அடித்துவிட்டு மேலே வேறு எழுதினேன்.

"பொதுவா எழுதுங்கக்கா. 'எல்லாத் தொழிலாளர்களுக்காகவும்'னு போட்டாப் போதும். கடவுளுக்குப் புரியும்."

"கடவுளுக்குப் புரியும். மேனேஜருக்கு?"

"வேலை போயிடும்க்கா."

"போனா எனக்கு ஒரு வேலை போவும். உள்ளே முப்பத்திரண்டு உசிரு இருக்கு தம்பி." தாளை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் பூசையில் அக்கா வாசிக்க எழுந்தார். திருச்சபைக்காக, நாட்டை ஆள்பவர்களுக்காக, நோயாளிகளுக்காக. ஒவ்வொன்றுக்கும் சவரிநாதன் சார் குரல் எழுந்தது. நான் அடித்துவிட்டதைத்தான் வாசிக்கப் போகிறார் என்று அக்கா நின்ற நிலையிலேயே தெரிந்தது. வாசித்தார்.

"மல்லாபூரில் எங்களோடு வேலை செய்யும் முப்பத்திரண்டு பெண்களுக்காக. தீப்பிடித்தால் அவர்கள் தப்பிக்க வேண்டிய பின்கதவு பூட்டிக் கிடக்கிறது. சாவி வைத்திருப்பவர் அதைத் திறந்துவிட வேண்டுமென்று, ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

முதலில் எழுந்தது சவரிநாதன் சாரின் குரல்தான். பழகிய வாய் தானாகச் சொல்லிவிட்டது. கோயில் முழுக்கப் பின்னால் சொன்னது. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று எல்லோருக்கும் உறைத்தது. முதல் பெஞ்சில் அவர் கழுத்து சிவந்ததைப் பத்துப் பெஞ்சுக்குப் பின்னாலிருந்து பார்த்தேன்.

பூசை முடிந்ததும் வெளியே மாதா கெபி அருகே சவரிநாதன் சார் அக்காவை மறித்தார். பங்குத்தந்தையும் நானும் ஓடினோம்.

"பத்துப் பேர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியேம்மா! நான் என்ன கொலைகாரனா? ரெண்டு நிமிஷம்னு சொன்னேன்ல? நாளைக்குப் பத்து மணிக்கு ஃபாதரும் வரட்டும், இந்தத் தம்பியும் வரட்டும். கையில வாட்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கட்டும். ரெண்டு நிமிஷத்துல திறக்கலேன்னா குழுவை விட்டு நான் போறேன். திறந்துட்டா, கம்பெனியை விட்டு நீ போயிடணும்."

"ஹவ் சார்" என்றார் அக்கா. சம்மதம் என்று அர்த்தம்.

மறுநாள் அரைநாள் விடுப்பு போட்டுவிட்டுப் போனேன். இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள். பெண்கள் சுவரோரம் நின்றார்கள். ஃபாதர் வாட்சைப் பார்த்து, "சரி" என்றார். சவரிநாதன் சார் தன் அறையிலிருந்து ஓடி வந்தார். அந்த வயதில் அப்படி ஓடுவார் என்று நான் நினைக்கவில்லை. கதவை எட்டியபோது நாற்பது நொடிதான். அக்காவின் வேலை போனது என்றே நினைத்தேன்.

சாவியைப் போட்டார். திரும்பவில்லை.

எடுத்து ஊதினார். பூட்டுக்குள்ளிருந்து வெள்ளைத் தூள் கொஞ்சம் உதிர்ந்தது. இரண்டு வருட தெர்மாகோல் தூளும் இரண்டு மழைக்காலத் துருவும் உள்ளே இறுகிக் கிடந்தன. மறுபடி போட்டார். "ரெண்டு நிமிஷம் ஆச்சு" என்றார் ஃபாதர் மெல்ல. ரமா என்ற பெண் தன் பையிலிருந்து தேங்காய் எண்ணெய் எடுத்து நீட்டினாள். எண்ணெய் விட்டார், முறுக்கினார், இரண்டு கையாலும் முறுக்கினார். ஐந்தாவது நிமிடத்தில் சாவி ஒடிந்து பாதி உள்ளேயே நின்றுவிட்டது.

ஃபிட்டரைக் கூப்பிட்டு ரம்பத்தால் அறுக்கச் சொன்னார்கள். ரம்பத்தின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அத்தனை பேரும் நின்றோம். அன்று பற்றிய பலகை எவ்வளவு வேகமாக எரிந்தது என்று பெண்கள் எல்லோருக்கும் தெரியும். பூட்டு அறுந்து விழுந்தபோது இருபத்தாறு நிமிடம் ஆகியிருந்தது.

அக்கா தோளைக் கொடுத்துத் தள்ளினார். கதவு திறந்தது. வெயில் உள்ளே விழுந்தது. யாரும் சொல்லாமலே ரமா வெளியே நடந்தாள். அவள் பின்னால் அடுத்தவள். வரிசையாக ஒவ்வொருத்தியாக அந்தக் கதவைத் தாண்டிப் போய் வெயிலில் நின்றார்கள். சவரிநாதன் சாரின் உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு வந்ததும் சுவர் பக்கம் திரும்பி, முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு குலுங்கினார்.

"எலிசபெத்து, குழுவிலிருந்து நான்..." என்று ஆரம்பித்தார்.

"நக்கோ சார். எங்கேயும் போக வேணாம். வேற பூட்டு மட்டும் வாங்க வேணாம்" என்றார் அக்கா. ஜெயித்த மகிழ்ச்சி அவர் முகத்தில் துளியும் இல்லை. இத்தனை நாள் எப்படி இதற்குள் நின்றோம் என்ற பயம்தான் இருந்தது.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"பொதுவா எழுதியிருந்தா இது திறந்திருக்குமா தம்பி?"

கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவர் போலத்தான் கேட்டார். எல்லா மன்றாட்டுக்கும் யோசிக்காமல் பதில் சொல்லிப் பழகிய நான், அவர் மன்றாட்டை அடித்த பென்சிலைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அவரிடம் நீட்டினேன்.