செம்பட்டை முடி ராணி

புருஷன் கைவிட்டுப் போன வருஷம், மழைக்கு ஒதுங்கி இங்கிலாந்தின் பீட்டர்பரோ பேராலயத்துக்குள் வந்தவள் வினிஃப்ரெட். உள்ளே கேத்தரின் ராணியின் கல்லறை இருந்தது. மன்னன் எட்டாம் ஹென்றி தள்ளிவைத்த முதல் மனைவி. தன்னைப் போல ஒருத்தி என்று வினிஃப்ரெட் அங்கேயே ஒட்டிக்கொண்டாள். வருகிறவர்களுக்கு ராணியின் கதையைச் சொல்வதுதான் அவளுக்கும் எனக்கும் அங்கே வேலை.

ராணி ஸ்பெயின்காரி, ஆனால் வெளுத்த தோல், செம்பட்டை முடி. தொலைக்காட்சிக்காரர்களுக்கோ ஸ்பெயின் என்றாலே கருங்கூந்தல்தான். வினிஃப்ரெட் கரடியாய்க் கத்தியும் எவன் காதில் ஏறியது?

இந்த வருஷம் ராணியின் நினைவு நாளன்றும் ஜனங்கள் அவளுடைய சின்னமான மாதுளம்பழங்களைக் கல்லறையில் வைத்தார்கள். ஒருத்தி பழத்தோடு, புதுத் தொடரில் ராணியாக நடித்தவளின் படத்தையும் வைத்தாள்.

"இது நடிகைம்மா. ராணிக்குச் செம்பட்டை முடி. அதோ பாரு, அந்தக் காலத்து ஓவியம்," என்றாள் வினிஃப்ரெட்.

"இதுவா? ஜாடையே இல்லையே! வரைஞ்சவனுக்குப் பார்வைக் கோளாறா?"

"அவன் நேர்ல பாத்தவன்!"

"நானுந்தான் பாத்தேன், பத்து எபிசோடு. அழுது அழுது மூஞ்சியே வீங்கிப்போச்சு."

கூட்டம் போனதும், "அந்தப் படத்த எடுத்துடவா?" என்றேன்.

"விடு," என்றாள் வினிஃப்ரெட். "தினமும் ராணிக்காக ஜெபம் பண்றேன்ல? இப்பல்லாம் கண்ண மூடுனா எனக்கும் இந்த நடிகைதான் வர்றா. எனக்குன்னு இருந்தவ அந்த ராணி ஒருத்திதான். செம்பட்டை முடிக்காரியத் தேடித் தேடிப் பாக்குறேன், வரவே மாட்டேங்குறா."